பதில்: உசுப்பேத்துவதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்?

"மாமா அண்ணனை உசுப்பேத்தி சண்டைக்கு அனுப்பினார்" என்ற உங்கள் கதை வரியை மொழிபெயர்க்கையில் 'அஜிடேட்' (agitate) போட்டிருக்கிறீர்கள், அதுதான் இடிக்கிறது. ஒருவரை அஜிடேட் செய்தால் அவர் பதறுவார், நிலைகொள்ளாமல் தவிப்பார், அவ்வளவுதான். போய் அடி என்ற தூண்டுதல் அதில் கிடையாது.

உங்களுக்கு வேண்டியது 'எக் ஆன்' (egg on). பக்கத்தில் நின்று "விடாதே, போய்க் கேளு" என்று ஏற்றிவிடுவதற்கு அச்சு அசலான சொல். முட்டைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தூண்டு என்று பொருள்படும் பழைய நார்ஸ் மொழியின் 'எக்யா'விலிருந்து வந்தது (நானும் ரொம்ப நாள் முட்டை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்). மாமா கேலி பேசி, குத்திக்காட்டி அனுப்புகிறார் என்றால் 'கோட்' (goad) இன்னும் பொருந்தும், ஏனென்றால் அது மாட்டை ஓட்டும் தார்க்குச்சியின் பெயர், அதே குச்சி வினைச்சொல்லாகவும் ஆகிவிட்டது.

'இன்சைட்' (incite) வேண்டாம். கலவரம், வன்முறை, வழக்கு என்று சட்ட வாசனை அடிக்கும், குடும்பக் கதைக்குக் கனம் அதிகம். 'இன்ஸ்டிகேட்' (instigate) போடலாம், ஆனால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஆள் வராது, சண்டைதான் வரும்: சண்டையை இன்ஸ்டிகேட் செய்தார் என்பதுபோல. 'ஃபொமென்ட்' (foment) என்பதும் அப்படியே.

அப்புறம், மாமா யாரையும் அனுப்பாமல் அங்கே ஒன்று இங்கே ஒன்று சொல்லிக் குட்டையைக் குழப்புகிற ஆள் என்றால் 'ஸ்டிர் த பாட்' (stir the pot). 'வைண்ட் அப்' (wind up) பிரிட்டிஷ்காரர்கள் வேண்டுமென்றே சீண்டுவதற்குச் சொல்வது, பாதி விளையாட்டு. உங்கள் மாமா விளையாடுகிற மாதிரி தெரியவில்லை.