தயான் சந்த், பல்பீர் சிங், தன்ராஜ் பிள்ளை, ஹர்மன்பிரீத் சிங்: இந்த நால்வரில் யார் பெரிய ஹாக்கி ஆட்டக்காரர்? வெவ்வேறு காலத்தில் ஆடியவர்களை ஒப்பிட முடியுமா?

முடியும். ஆனால் பெரும்பாலானவர்கள் ஒப்பிடுகிற விதத்தில் முடியாது. ஒலிம்பிக் தங்கத்தை எண்ணினால் தயான் சந்துக்கு 3, பல்பீருக்கு 3, தன்ராஜுக்கு வெண்கலம்கூட இல்லை, ஹர்மன்பிரீத்துக்கு இரண்டு வெண்கலம். பேச்சு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். 1928 முதல் 1956 வரை இந்தியா தொடர்ந்து ஆறு ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியது. அந்த அணிகளில் இடம் பிடித்துவிட்டால் பதக்கம் கிட்டத்தட்ட உறுதி. அதில் அணிக்கு எவ்வளவு, காலத்துக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் ஒப்பீடு.

தயான் சந்தைப் பற்றி வாட்ஸப்பில் சுற்றும் கதைகளை நான் முதலிலேயே ஓரம் கட்டிவிடுகிறேன். மட்டைக்குள் காந்தம் இருக்கிறதா என்று உடைத்துப் பார்த்தார்கள், ஹிட்லர் கூப்பிட்டுப் பதவி கொடுத்தார் வகையறா. அவர் பெருமைக்கு இவை தேவையே இல்லை. கோல் கணக்கும் நாம் நினைக்கிற அளவுக்கு நம்பகமானது அல்ல. 1936 பெர்லின் இறுதியில் இந்தியா ஜெர்மனியை 8-1 என்று வென்றது. அதில் தயான் சந்த் அடித்தது ஒரு கணக்கில் 3, இன்னொரு கணக்கில் 6. ஒலிம்பிக் இறுதி ஆட்டத்துக்கே இந்த நிலை.

1932 லாஸ் ஏஞ்சல்ஸைப் பாருங்கள். ஹாக்கி ஆட வந்தது மூன்றே அணிகள்: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. அமெரிக்காவை 24-1 என்று நொறுக்கினோம். அந்த ஆட்டத்தில் தயான் சந்த் 8 கோல், அவருடைய தம்பி ரூப் சிங் 10. தொடர் முழுவதையும் கூட்டினாலும் தம்பிதான் ஒரு கோல் முன்னால், 13-க்கு 12. கோல்தான் அளவுகோல் என்றால் இந்தக் கேள்வியில் ரூப் சிங் பெயர் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

அதனால் நான் முதலில் பார்ப்பது, அணி அடித்த கோல்களில் அவர் பங்கு எவ்வளவு என்பதை. காலம் மாறினாலும் இது ஓரளவு தாங்கும். 1928 ஆம்ஸ்டர்டாமில் இந்தியா 29 கோல் போட்டது, ஒன்றுகூட வாங்கவில்லை. அதில் தயான் சந்துடையது 14, ஏறக்குறைய பாதி. 1952 ஹெல்சின்கியில் இந்தியா மூன்று ஆட்டங்களில் 13 கோல். பல்பீருடையது 9. அரையிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக விழுந்த மூன்றும் அவருடையவை. நெதர்லாந்துடன் இறுதி 6-1, ஆறில் ஐந்து அவருடையவை. ஒலிம்பிக் ஆண்கள் இறுதியில் ஒருவர் ஐந்து அடித்த அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. இப்போது 2024 பாரிஸுக்கு வாருங்கள். எட்டு ஆட்டங்களில் இந்தியா 15 கோல், ஹர்மன்பிரீத் 10. அதாவது பல்பீருக்கு 69 சதவீதம், ஹர்மன்பிரீத்துக்கு 67. எழுபது வருட இடைவெளியில் இருவரும் கிட்டத்தட்ட ஒரே பாரத்தைத் தூக்கியிருக்கிறார்கள். ஹர்மன்பிரீத் பெயர் இந்தப் பட்டியலில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கு போதும்.

ஆனால் இந்தக் கணக்கும் ஓட்டையில்லாதது அல்ல. தயான் சந்தின் பங்கு குறைவாகத் தெரிவதற்குக் காரணம், பக்கத்தில் கோல் அடிக்கத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள், இவரும் பந்தைக் கொடுத்துவிடுவார். கூட ஆடியவர்கள் அவருடைய டிரிப்ளிங்கைவிட அந்தப் பாஸைத்தான் அதிகம் பேசியிருக்கிறார்கள். பின்னாளில் அவரோடு ஆடிய கேசவ் தத் சொன்னதன் சாரம்: அவருடைய திறமை தோளுக்கு மேலே, தலையில் இருந்தது, மைதானத்தைச் சதுரங்கப் பலகையைப் போலப் பார்த்தார்.

ஹர்மன்பிரீத்தின் பத்தையும் பல்பீரின் ஒன்பதையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. அடிப்படையில் ஹர்மன்பிரீத் டிஃபெண்டர். பாரிஸில் அவருடைய கோல்களில் பெரும்பாலானவை பெனால்டி கார்னரில், அதாவது எதிரணி தன் கோல் பக்கத்தில் தவறு செய்தால் கிடைக்கும் வாய்ப்பில் வந்தவை. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் எவ்வளவு தனி வித்தை என்று புரியும். பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிடுகிறார். கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் அரைவட்டமான 'டி'க்கு வெளியே ஒருவர் மட்டையைத் தரையோடு படுக்க வைத்து நிறுத்துகிறார். அதற்குள் முகமூடி மாட்டிய ஆள் கோல் கோட்டிலிருந்து பாய்ந்து வந்துகொண்டிருப்பார். ஹர்மன்பிரீத் குனிந்து, பந்தை மட்டையின் தண்டோடு ஒட்டி 'டி'க்குள் இழுத்துக்கொண்டே வந்து, இடுப்பைத் திருப்பி, மணிக்கட்டைச் சுண்டி விடுகிறார். ஓங்கி அடித்தால் முதல் அடி 18 அங்குலப் பலகை உயரத்தைத் தாண்டி கோலுக்குள் போகக் கூடாது என்பது விதி. இப்படி இழுத்துச் சுண்டினால் (இதுதான் டிராக் ஃபிளிக்) அந்த வரம்பு இல்லை, மேல்மூலையில் சொருகலாம். டிராக் ஃபிளிக் பெரும் ஆயுதமானதற்கு இந்த ஒரு விதிதான் காரணம். தயான் சந்த் காலத்தில் இதே பெனால்டி கார்னரில் பந்தைக் கையால் நிறுத்தி, இன்னொருவர் ஓங்கி அடிப்பார். அன்றைய மட்டையில் இன்றைய ஃபிளிக் யாருக்கும் வராது. பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் 348 சர்வதேச கோல் அடித்ததும் இந்த வழியில்தான். அதை வைத்து அவரை உலகின் தலைசிறந்த வீரர் என்று அவர் ஊர்க்காரர்களே பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். ஷாபாஸ் அகமது என்பார்கள், ஹசன் சர்தார் என்பார்கள்.

மறுபக்கம், பழைய ஆட்களுக்கு எல்லாம் சுலபமாக இருந்தது என்று இப்போது சிலர் பேசுவது எனக்கு எரிச்சலாக இருக்கும். அன்று ஆஃப்சைடு இருந்தது. பந்து வரும்போது உங்களுக்கும் கோலுக்கும் நடுவில் எதிரணியில் மூன்று பேர் இல்லையென்றால் விசில். இன்றைக்கு மாதிரி கோல்கீப்பர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு காத்திருக்க முடியாது. அந்த விதி மெல்லத் தளர்ந்து 1990களின் கடைசியில்தான் முழுதாகப் போனது. இன்று மூச்சு வாங்கினால் வெளியே போய் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு வரலாம்; அன்று 70 நிமிடமும் அதே பதினொரு பேர். மண்ணும் புல்லும் வேறு. செம்மண் தரையில் மட்டை பிடித்தவர்களுக்குத் தெரியும், நேராக உருண்டு வரும் பந்து ஒரு சின்னக் கல்லில் பட்டு முழங்காலுக்குத் துள்ளும். முதலில் பந்தை அடக்க வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம். நம்மவர்களின் மணிக்கட்டு வேலை அந்தத் தரையில் பிறந்தது. 1976 மான்ட்ரியலில் செயற்கைத் தரை வந்தது, முந்தைய வருடம் கோலாலம்பூரில் உலகக் கோப்பை வென்ற இந்தியா ஏழாம் இடத்துக்குப் போனது. ஆட்கள் ஒரே வருடத்தில் ஆட்டத்தை மறந்துவிடவில்லை.

1980 மாஸ்கோ தங்கத்தையும் சொல்ல வேண்டும், நம்ம சென்னை பாஸ்கரன் தலைமையில் வென்றது. பல நாடுகளின் புறக்கணிப்பால் ஆறு அணிகள்தான் வந்தன, தான்சானியாவை 18-0 என்று வென்றோம். அதே சமயம் இறுதியில் ஸ்பெயினை 4-3 என்று வென்றது ஒன்றும் சும்மா கிடைத்தது இல்லை. அந்தத் தங்கத்துக்கு நான் முழு மதிப்பெண் போட மாட்டேன், கழித்தும் விட மாட்டேன்.

இப்போது தன்ராஜ். என் பதிலில் சண்டைக்கு இடம் தரும் பகுதி இதுதான். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் டிராபி, நான்கு ஆசிய விளையாட்டு. இந்த நான்கிலும் நான்கு முறை ஆடிய வேறு ஆள் கிடையாது. புனே பக்கம் கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, உடைந்த மட்டையை வைத்து ஆடிப் பழகியவர். 339 சர்வதேச ஆட்டம். எத்தனை கோல் அடித்தார் தெரியுமா? 170 என்று ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். நமது ஹாக்கிச் சம்மேளனம் அதிகாரபூர்வமாகக் குறித்து வைக்கவில்லை. 1928 கோல் கணக்கு இருக்கிறது, 1998 கணக்கு இல்லை! மேலே நான் போட்ட பங்குக் கணக்கை அவருக்குப் போடவே வழியில்லாமல் செய்துவிட்டார்கள்.

ஆகவே கண்ணால் பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும். 1996 சாம்பியன்ஸ் டிராபி சென்னை எழும்பூரில் நடந்தது. கேலரியிலிருந்து பார்த்தபோது எனக்குப் பிடிபட்டது ஒன்று: நடுகளத்தில் அவர் பந்தை வாங்கித் திரும்பியதுமே எதிரணி டிஃபெண்டர்கள் முன்னால் வந்து மட்டை போடமாட்டார்கள், இரண்டடி பின்வாங்குவார்கள். முன்னால் வந்தால் தாண்டிப் போய்விடுவார் என்று தெரியும். பின்வாங்கினால் அந்த இடைவெளியில் வேகமெடுத்துவிடுவார் என்பதும் தெரியும். முடி பறக்க, பந்து மட்டையிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, வெளியோரத்திலிருந்து குறுக்காக 'டி'க்குள் வெட்டி நுழைவார். அதன் பிறகு பந்தை வாங்கி முடிக்க ஆள் இருக்காது. பல ஆட்டங்களில் அவருடைய கதை அதுதான்.

2000 சிட்னியில் போலந்தை வென்றிருந்தால் அரையிறுதி. 1-0 என்று முன்னிலையில் இருந்து, ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோல் வாங்கினோம். அதில் தன்ராஜ் என்ன செய்திருக்க முடியும்? 1998 பாங்காக்கில் அவர் தலைமையில் 32 வருடம் கழித்து ஆசிய விளையாட்டுத் தங்கம் வந்தது. அடுத்த தொடருக்கான அணியில் கேப்டனுக்கே இடமில்லை. ஓய்வு கொடுத்தோம் என்று விளக்கம். தயான் சந்த் அணிக்கு உலகம் பயந்தது. தன்ராஜ் காலத்தில் உலகம் பயந்தது அணிக்கு அல்ல, அவருக்கு. இந்த வித்தியாசத்துக்கு நான் நிறைய மதிப்பெண் போடுகிறேன்.

காலம் கடந்த ஒப்பீட்டுக்கு இன்னொரு நல்ல வழி உண்டு: இரண்டு தலைமுறைக்கும் நடுவில் பாலமாக ஆடிய ஆட்டங்கள். தயான் சந்த் முதலிடம் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். 1935-இல் நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் பயணத்தில் 43 ஆட்டத்தில் 201 கோல் போட்டார், சரி, எதிரணிகள் சாதாரணம் என்று தள்ளலாம். 1940, 1944 ஒலிம்பிக்குகளைப் போர் தின்றுவிட்டது. 1947-இல் 42 வயதில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார். கூடவே கே.டி. சிங் பாபு, கேசவ் தத் என்று அடுத்த வருடம் லண்டனில் தங்கம் வாங்கப் போகிற இளைஞர்கள். அந்தப் பயணத்தில் 22 ஆட்டத்தில் 61 கோல் அடித்தார். பாபு ஒருவர்தான் அவரைவிட அதிகம். உச்சம் தாண்டிப் பத்து வருடம் ஆன மனிதர், அடுத்த தலைமுறையின் தங்க அணியோடு தோளோடு தோள் நிற்கிறார் என்றால், உச்சத்தில் எப்படி இருந்திருப்பார் என்று ஊகிக்கலாம்.

பல்பீருக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. தயான் சந்த் ஆடிய மூன்று ஒலிம்பிக்கிலும் பிரிட்டன் ஹாக்கிக்கு வரவில்லை. பல்பீர் 1948 இறுதியில் அவர்களை வெம்பிளியிலேயே 4-0 என்று வென்ற அணியில் இரண்டு கோல் அடித்தார். பிரிவினைக்குப் பின் பாதி பலம் எதிர்ப்பக்கம் போய்விட்டது. 1936 இறுதியில் தயான் சந்தோடு ஆடிய தாரா 1948-இல் பாகிஸ்தான் கேப்டன்! 1956 இறுதியில் அந்தப் பாகிஸ்தானை 1-0 என்று வென்றபோது விரல் எலும்பு முறிந்த நிலையில் ஆடினார் கேப்டன் பல்பீர். எதிரிகளின் தரத்தைப் பார்த்தால் அவருடைய மூன்று தங்கம் தயான் சந்தின் மூன்றைவிடக் கடினமானவை. முதலிடத்துக்கு அவர் பெயரை யாராவது சொன்னால் நான் பெரிதாக வாதாட மாட்டேன்.

உங்கள் நால்வரில் மூன்று பேர் முன்களத்துக்காரர்கள், நான்காமவரும் கோலுக்காகவே பேசப்படுபவர். கோல்கீப்பர் ஒருவர்கூட இல்லை. சங்கர் லட்சுமணன் 1956, 1960, 1964 என மூன்று ஒலிம்பிக் இறுதிகளில் நின்றார், மூன்றும் பாகிஸ்தானுக்கு எதிராக. மூன்றிலும் சேர்த்து அவரைத் தாண்டிப் போனது ஒரே ஒரு பந்து. தலைக்கவசம் இல்லாத காலம். 2024 காலிறுதியில் இந்தியா இரண்டாவது கால்பகுதியின் தொடக்கத்திலிருந்து பத்துப் பேரோடு ஆடி பிரிட்டனோடு சமனில் முடித்து ஷூட் அவுட்டில் வென்றதே, அதில் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் நின்ற நிலைக்கு ஈடு சொல்ல எனக்கு லட்சுமணன்தான் தோன்றுகிறார். மெட்ராஸ் கோல்கீப்பர் ரங்கநாதன் பிரான்சிஸ் 1948, 1952, 1956 என்று மூன்று தங்க அணியிலும் இருந்தார். இங்கே எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

என் வரிசை: தயான் சந்த், நூலிழையில் அடுத்து பல்பீர், மூன்றாவது தன்ராஜ். ஹர்மன்பிரீத்தை இப்போதைக்கு நான்காவதாக வைக்கிறேன், ஆனால் அவர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். ஒரு உலகக் கோப்பையை வென்று கொடுத்தால் தன்ராஜ் இடத்தைப் பற்றித் திரும்பப் பேச வேண்டிவரும். நீங்கள் கேட்காவிட்டாலும் லட்சுமணனை நான் ஹர்மன்பிரீத்துக்கு மேலேதான் வைப்பேன்.