பழைய ஆய்வு உலையில் மகளுக்கு என்ன எதிர்காலம்? ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் ஐயா,

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். மகள் மெக்கானிக்கல் இறுதியாண்டு. கையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆஃபர் இருக்கிறது. அவளோ கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, பழைய ஆய்வு உலைகளைப் புதுப்பிக்கும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூடப்போகிற உலையில் என்ன எதிர்காலம்? கதிர்வீச்சு ஆபத்து இல்லையா? மெக்கானிக்கல் படித்த பெண்ணுக்கு அணு உலையில் என்ன வேலை?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் மற்ற இரண்டின் பாரமும் குறையும்.

ஆய்வு உலையில் மின்சாரம் எடுப்பதில்லை. அங்கே விளைச்சல் நியூட்ரான்தான், அதாவது அணுக்கருவில் இருக்கும் மின்னேற்றமில்லாத துகள். எக்ஸ்ரேக்குப் பிடிபடாத ஹைட்ரஜனை நியூட்ரான் காட்டிக்கொடுக்கும். தடித்த உலோகத்தையும் ஊடுருவி, வெல்டிங் செய்த இடத்தில் உள்ளே என்ன இறுக்கம் தங்கியிருக்கிறது என்று சொல்லும். நீங்கள் செங்கல்பட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பக்கத்திலேயே கல்பாக்கத்தில் காமினி என்று ஒரு சிறிய உலை இருக்கிறது. 1996-ல் இயங்கத் தொடங்கியது, திறன் வெறும் 30 கிலோவாட், எரிபொருள் யுரேனியம்-233. ராக்கெட்டில் பயன்படும் சின்னச் சின்ன வெடி சாதனங்களுக்குள் மருந்து சரியாக நிரம்பியிருக்கிறதா என்று இஸ்ரோவுக்காக நியூட்ரான் படம் எடுத்துப் பார்ப்பது அங்கேதான்.

இப்படிப்பட்ட உலைக்கு வயதாகும்போது முதலில் தளர்வது எது? அணு இயற்பியல் தளர்வதில்லை. குழாய், வால்வு, பம்பு, கேபிள், கான்கிரீட், வெல்டிங் மூட்டு, இவைதான் தளரும். நியூட்ரான்கள் ஆண்டுக்கணக்கில் மோதி மோதி எஃகே நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் 1965-ல் இயங்கத் தொடங்கிய ஹெச்.எஃப்.ஐ.ஆர். உலையில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். உலையின் மையத்தைச் சுற்றியிருக்கும் எஃகு அழுத்தக் கலனுக்குள் முன்கூட்டியே வைத்திருந்த சோதனைத் துண்டுகளை எடுத்து உடைத்துப் பார்த்ததில், கணக்குப் போட்டதைவிட வேகமாகக் கலன் நொறுங்கும் நிலைக்குப் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. 1986-ல் உலையை நிறுத்தினார்கள். மறுபடி இயக்கியபோது 100 மெகாவாட்டாக இருந்த திறனை 85 ஆகக் குறைத்துக்கொண்டார்கள். இன்றும் அது ஓடுகிறது. அந்தச் சோதனை யாருடைய பாடம்? உங்கள் மகள் இரண்டாம் ஆண்டில் படித்த மெட்டீரியல்ஸ் பாடம்தான்.

நம் நாட்டு உதாரணம் இன்னும் பொருத்தமானது. மும்பை டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துருவா உலை 1985 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. ஆனால் முழுத் திறனான 100 மெகாவாட்டைத் தொட 1988 ஆகிவிட்டது. குளிர்விக்கும் நீர் ஓடுகிற வேகத்தில் எரிபொருள் தொகுப்புகள் அதிர்ந்ததுதான் காரணம். ஓட்டத்தால் வரும் அதிர்வு! இதைத் தீர்க்க மெக்கானிக்கல் இன்ஜினியர்தானே வேண்டும்?

சரி, பழைய உலை என்ற கவலைக்கு வருவோம். இதில் உங்கள் பயம் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். அப்சராவின் கதையைக் கேளுங்கள். 1956 ஆகஸ்ட் 4-ல் இயங்கத் தொடங்கிய இந்தியாவின் முதல் உலை அது. நீச்சல் குளம் மாதிரி ஒரு தொட்டி நீருக்குள் உலையின் மையம் தொங்கிக்கொண்டிருக்கும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பிறகு 2009-ல் நிறுத்தினார்கள். பிறகு அதே இடத்துக்குப் புது உலையை வடிவமைத்தார்கள். அதிகம் செறிவூட்டிய பழைய யுரேனியத்துக்குப் பதிலாகக் குறைவாகச் செறிவூட்டிய யுரேனிய சிலிசைடுத் தகடுகள், கூடுதல் நியூட்ரான் பாய்வு, 2 மெகாவாட் திறன். 2018 செப்டம்பர் 10, மாலை 6.41-க்கு மேம்படுத்திய அப்சரா உயிர்பெற்றது. நோயறியவும் சிகிச்சைக்கும் பயன்படும் கதிரியக்கப் பொருள்களான மருத்துவ ஐசோடோப்புகளின் உள்நாட்டு உற்பத்தி இதனால் பாதியளவு கூடும் என்று அணுசக்தித் துறை அறிவித்தது.

2009-லிருந்து 2018 வரை ஒன்பது ஆண்டுகள். இதை உங்கள் மகள் கண் திறந்து பார்க்க வேண்டும். 2009-ல் வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம் இன்ஜினியர், உலை ஒளிர்வதைப் பார்க்கும்போது முப்பதைத் தாண்டியிருப்பார். நடுவில் வரைபடம், கணக்கு, பாதுகாப்பு அறிக்கை, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கேள்வி, திரும்பவும் கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு ரிலீஸ் பார்க்கிற சாஃப்ட்வேர் வேகத்தை எதிர்பார்க்கிறவர்களுக்கு இது ஒத்துவராது.

இதைவிடக் கசப்பான உதாரணமும் உண்டு. அதே டிராம்பேயில் சைரஸ் உலை 1960-லிருந்து ஓடியது. 1997-ல் நிறுத்தி, மண்ணுக்கடியில் போன குழாய்கள், கசிவுகள் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்து, உலையின் வீண் வெப்பத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஒரு பிரிவையும் சேர்த்து மறுபடி இயக்கினார்கள். பிரமாதமான பொறியியல் வேலை அது. ஆனால் இந்திய-அமெரிக்க அணுசக்தி உடன்பாட்டை ஒட்டி எடுத்த அரசு முடிவின்படி 2010 டிசம்பர் 31-ல் நிரந்தரமாக மூடப்பட்டது. இயந்திரத்தில் குறை எதுவும் இல்லை, முடிவு வேறு மேசையில் எடுக்கப்பட்டது. இந்தத் துறைக்கு வருகிறவர்கள் இதற்கும் மனதைத் தயார்செய்துகொண்டு வர வேண்டும்.

அப்படியிருந்தும் நான் உங்கள் மகள் பக்கம்தான் நிற்கிறேன். புது உலை கட்டும் திட்டத்தில் சேரும் இளம் இன்ஜினியருக்குப் பெரும்பாலும் ஒரு மூலை வேலைதான் கிடைக்கும். பழைய உலையைப் புதுப்பிக்கும் இடத்தில் நிலைமை வேறு. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் வரைந்த படம் ஒரு மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது வேறு மாதிரி இருக்கும். அதைப் போட்டவர் ஓய்வுபெற்றிருப்பார். அந்த உதிரிப் பாகத்தைச் செய்த கம்பெனியே இருக்காது. நீருக்கடியில் பல மீட்டர் ஆழத்தில், கை வைக்கவே முடியாத இடத்தில் ஒரு போல்ட்டைக் கழற்ற வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? அதே அளவில் ஒரு மாதிரியை வெளியே கட்டுவார்கள். நீளமான கைப்பிடி வைத்த கருவியைத் தாங்களே வடிவமைத்து, கேமராத் திரையைப் பார்த்தபடி திரும்பத் திரும்பப் பழகுவார்கள். போல்ட் கழன்று விழுந்தால் எதில் பிடிப்பது என்பதற்குக்கூடத் தனியாகத் திட்டம் இருக்கும். அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. ஓர் இயந்திரத்தைத் தலை முதல் கால் வரை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தக் கைவேலைக்கு வெளியிலும் தேவை இருக்கிறது. 2019-ல் மட்டும் பிரான்சின் ஓர்ஃபே, பெர்லினின் பி.இ.ஆர்.-2 என்ற இரண்டு உலைகள் மூடப்பட்டன. அங்கே நியூட்ரானை நம்பியிருந்த ஆராய்ச்சியாளர்களின் சுமை மீதமிருக்கிற மையங்கள்மேல் விழுகிறது. பிரான்சின் கிரெனோபிளில் 1971-லிருந்து ஓடும் உலை, இங்கிலாந்தில் 1984-ல் முதல் நியூட்ரானைத் தந்த ஐசிஸ் மையம், இவையெல்லாம் தங்களைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. ஐசிஸ் உலை இல்லை, முடுக்கியில் வேகப்படுத்திய புரோட்டான்களை டங்ஸ்டன் இலக்கில் மோதவைத்து நியூட்ரான் எடுக்கிற இடம். அங்கே முதல் இலக்கு நிலையத்தின் உட்பகுதியையே சில ஆண்டுகளுக்கு முன் மாற்றினார்கள். வெற்றிடத் தொழில்நுட்பம், தொலைவிலிருந்து கையாளுதல், வெப்பக் கணக்கு, பாதுகாப்புப் பகுப்பாய்வு ஆகியவற்றைக் கற்றவர்களை மின் நிலையங்களும் விண்வெளித் துறையும் கூடத் தேடும். சைரஸ் மாதிரி ஓர் உலை மூடப்பட்டாலும் கற்றது வீணாகாது.

கதிர்வீச்சு பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். ஆபத்து இருக்கிறது, அதனால்தான் கட்டுப்பாடும் கடுமையாக இருக்கிறது. இந்தியாவில் பணியாளர்களுக்கான வரம்பு ஐந்தாண்டு சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. இயற்கையில் எல்லோருக்கும் கிடைப்பது உலக சராசரியில் ஆண்டுக்குச் சுமார் 2.4. கதிர்வீச்சுப் பகுதியில் வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் சட்டையில் அளவைப் பட்டை அணிவார்கள், அதன் கணக்கு அவரவர் பெயரில் ஏறும். பெண் பணியாளர் கருவுற்றிருப்பதைத் தெரிவித்தால் அதற்கேற்ற தனி வரம்பும் பணி ஏற்பாடும் உண்டு. நேர்முகத் தேர்வுக்குப் பிறகு சந்தேகம் இருந்தால் இதை அவள் நேரடியாகவே கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இனி செய்ய வேண்டியது. சாஃப்ட்வேர் ஆஃபரை விட வேண்டாம், அது கையில் இருக்கட்டும். கேட் எழுதட்டும். பயிற்சிப் பள்ளியின் ஓராண்டுப் படிப்புக்கான அறிவிப்பு வந்தவுடன் வயது, மதிப்பெண், ஒப்பந்தப் பத்திரம் மூன்றையும் நீங்களும் உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். தேர்ச்சி பெற்றால் அறிவியல் அதிகாரி பதவி, மத்திய அரசு வேலை. பயிற்சிப் பள்ளிகள் மும்பையில் மட்டுமில்லை, கல்பாக்கத்திலும் இருக்கின்றன. ஆனால் எந்தப் பிரிவு கிடைக்கும் என்பது அவள் கையில் இல்லை. ஆய்வு உலைப் பிரிவே வேண்டும் என்று அடம்பிடித்தால் ஏமாற்றம் வரலாம், இதை இப்போதே அவளிடம் பேசிவிடுங்கள்.

நேர்முகத் தேர்வில் அடிப்படையைத் துருவுவார்கள். வெப்பப் பரிமாற்றம், பாய்ம இயக்கவியல், பொருள்களின் வலிமை இவற்றில் இரண்டையாவது வேர் வரை படிக்கச் சொல்லுங்கள். இறுதியாண்டு புராஜெக்டுக்கு இன்னும் தலைப்பு முடிவாகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஓட்டத்தால் வரும் அதிர்வையே எடுத்துக்கொள்ளலாம். கல்லூரிப் பட்டறையில் ஒரு பம்பு, ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு மெல்லிய தண்டு இருந்தால் போதும், ஆரம்பித்துவிடலாம். வழிகாட்டிப் பேராசிரியர் சம்மதித்தால் அடுத்த வாரம் அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், எந்த அளவுகளை எடுக்க வேண்டும் என்று சேர்ந்து யோசிப்போம்.