கல்லீரல், பித்தப்பை: கடலோரத்துக் கேள்விகளும் பதில்களும்

மதுரையில் குடல், கல்லீரல் நோய்ப் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன். சொந்த ஊர் மண்டபம் பக்கம். ராமேஸ்வரத்திலிருந்து தொண்டி வரை வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். ரிப்போர்ட்டைப் பார்க்காமல் யாருக்கும் மாத்திரை எழுதித்தர மாட்டேன். மற்றபடி எதையும் கேட்கலாம்.

தங்கச்சிமடம்: என் தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தோம், மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது. டாக்டர்கள் ஏன் அதை நம்புவதில்லை?

தம்பி தேறியதில் சந்தோஷம். அவருக்கு வந்தது அநேகமாக ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ, அதாவது கிருமியால் வரும் கல்லீரல் வீக்கம். இரண்டும் கெட்ட தண்ணீரில் பரவுபவை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். தானாக இறங்கும் நோயில், கடைசியாகக் கொடுத்த மருந்துக்குத்தான் பெயர் கிடைக்கும். வெறும் மோர் கொடுத்திருந்தால் மோர் பெயர் வாங்கியிருக்கும். மருந்து கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கீழாநெல்லியை அப்படிப் பார்த்தும் இருக்கிறார்கள், அதுவும் நம் சென்னையில். 1988இல் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அந்தக் குழுவில் இருந்தார். ஹெபடைடிஸ் பி இரத்தத்தில் தங்கிவிட்ட 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி, 23 பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. பொடி எடுத்தவர்களில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது. இன்னொரு பக்கம் ஒரே ஒருவருக்கு. உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் தாய்லாந்திலும் வேறு இடங்களிலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. 2011இல் காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசிவிட்டு, போதிய ஆதாரம் இல்லை என்றது. ஆக, சோதிக்காமல் யாரும் ஒதுக்கவில்லை. சோதனையில் அது நிற்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்குக் கவலை கீழாநெல்லியால் அல்ல, அதை நம்பிக் காத்திருக்கும் நாட்களால். பித்தக்குழாயில் அடைப்பு இருந்தாலும் கண் மஞ்சளாகத்தான் இருக்கும். முதலில் ஓர் இரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன். மற்றதெல்லாம் பிறகு.

கீழக்கரை: அஸ்ஸலாமு அலைக்கும் டாக்டர். சவூதி போக மெடிக்கல் எடுத்ததில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ், அன்ஃபிட் என்று வந்துவிட்டது. 40 நாளில் நெகட்டிவ் ஆக்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். வாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வ அலைக்கும் ஸலாம் தம்பி. பணத்தைக் கொடுக்காதீர்கள். இந்தக் கிருமி நாள்பட்டுத் தங்கியவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு அளவில் தானாகவே நெகட்டிவ் ஆவதுண்டு. அந்த ஒருவரைக் காட்டித்தான் மீதிப் பேரிடம் வசூல் நடக்கிறது.

பாசிட்டிவ் என்றால் கல்லீரல் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கிருமி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் டி.என்.ஏ. சோதனை, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. இரத்தச் சோதனை, ஸ்கேன் இவற்றைப் பார்த்துத்தான் மருந்து வேண்டுமா என்று முடிவு செய்வோம். பலருக்கு இப்போதைக்குக் கண்காணிப்பு மட்டும் போதும். தேவைப்பட்டால் டெனோஃபோவிர் போன்ற மாத்திரை. அது கிருமியை அடக்கி வைக்கும், அடியோடு ஒழிப்பது அபூர்வம். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள்.

வாப்பாவிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் எல்லோரும் சோதித்து, நெகட்டிவ் ஆனவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே சஹனில் (பெரிய பொதுத் தட்டில்) உட்கார்ந்து சாப்பிட்டால் பரவாது. சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ் மட்டும் தனி. சவூதி விசாவுக்கு என்னிடம் வழி இல்லை, பொய் நம்பிக்கை தர மனமும் இல்லை.

கீழக்கரை, இன்னொருவர்: எனக்கு சி என்று வந்திருக்கிறது. அதுவும் இப்படித்தானா?

இல்லை, உங்களுக்கு நல்ல செய்தி. ஹெபடைடிஸ் சி இப்போது குணமாகும் நோய். பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை, நூற்றில் 95 பேருக்கு மேல் கிருமி முற்றிலும் போய்விடுகிறது. இதுவும் அதே திட்டத்தில் இலவசம்.

ஏர்வாடி: அத்தாவுக்குக் கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கட்டியிருக்கிறது. பத்தியமாக மீன், முட்டை எல்லாம் நிறுத்திவிட்டோம். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு துண்டு கருவாடு மட்டும் கொடுக்கிறோம்.

அப்படியே தலைகீழாக மாற்றுங்கள். நிறுத்த வேண்டியது கருவாடு, கொடுக்க வேண்டியது மீன்.

சுருங்கிய கல்லீரல் இருந்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பு தண்ணீரை இழுக்கும், அதுதான் வயிற்றில் சேருகிறது. ஒரு நாளுக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன், அதுவும் குழம்பு, சோறு எல்லாம் சேர்த்து. ஒரு துண்டு கருவாடே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். ஊறுகாய், அப்பளம், வற்றல் இவையும் அப்படியே. நம் பக்கத்துச் சமையலில் இது கஷ்டம்தான், தெரியும். எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு என்று ருசியை வேறு வழியில் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று, இந்த நோயில் உடம்புச் சதை வேகமாகக் கரையும். அதனால் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். பொரிக்காமல் குழம்பில் போட்ட மீன், முட்டை, பருப்பு எல்லாம் ஆகும். படுக்கும் முன் சிறிது ஏதாவது சாப்பிடட்டும், இராப்பட்டினி ஆகாது. தினமும் காலையில் எடை பாருங்கள். காய்ச்சல், வயிற்றுவலி, கறுப்பாக மலம், பேச்சில் குழப்பம் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை.

பாம்பன்: எனக்கும் சிரோசிஸ் (கல்லீரல் சுருக்கம்) என்றார்கள். குடியை விட்டாச்சு. கடலுக்குப் போகலாமா? மீன் முள் குத்துவது எங்களுக்குத் தினசரி விஷயம்.

குடியை விட்டது பெரிய காரியம், அண்ணே. ஆனால் இந்த முள்ளைத் தினசரி விஷயமாக நீங்கள் இனி எடுக்கக் கூடாது. வெதுவெதுப்பான கடல் நீரிலும் கழிமுகத்திலும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற ஒரு கிருமி உண்டு. மற்றவர்களுக்கு அநேகமாகப் புண்ணோடு போய்விடும். கல்லீரல் கெட்டவர்களுக்கு அது இரத்தத்தில் ஏறி ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். கையுறை, பூட்ஸ் போடுங்கள். ஆறாத புண்ணோடு கடல் நீரில் இறங்காதீர்கள். குத்தினால் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீக்கம், கொப்புளம், காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். போன இடத்தில் 'கல்லீரல் நோய் இருக்கு, கடலில் பட்ட காயம்' என்று முதலில் சொல்லுங்கள். வேகாத சிப்பி, நண்டு வேண்டவே வேண்டாம்.

மண்டபம்: வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கல் என்று வந்தது. வலியே இல்லை. ஆபரேஷன் செய்யணுமா? வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாமா?

வலி தராத கல்லை பெரும்பாலும் அப்படியே விடலாம். அவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஓரிருவருக்குத்தான் தொந்தரவு வரும். கல் 3 செ.மீ.க்கு மேல், அல்லது கூடவே 1 செ.மீ. பாலிப் (சிறு சதை வளர்ச்சி) என்றால் கதை வேறு, அறுவை நிபுணரைப் பாருங்கள். ஒரு தடவை வலி வந்துவிட்டால் லேப்ராஸ்கோப்பில் பித்தப்பையை எடுப்பதுதான் முறை. வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லுக்குக் குடிப்பது, பித்தப்பைக்குச் சம்பந்தமில்லை. வலி, குளிர் காய்ச்சல், மஞ்சள் கண் மூன்றும் சேர்ந்தால் அவசரம்.

தேவிபட்டினம்: ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் மலத்தில் வருகிறதே, என் அக்கா கண்ணால் பார்த்தாரே?

அக்கா பார்த்தது நிஜம், ஆனால் அது கல் இல்லை. நியூசிலாந்தில் அப்படி வந்த பச்சை உருண்டைகளைச் சோதித்தார்கள். குடித்த எண்ணெய் வயிற்றுக்குள் சோப்பாகித் திரண்டது என்று 2005இல் லான்செட்டில் வெளிவந்தது. மறுபடி ஸ்கேன் எடுத்துப் பாருங்கள், கல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

தொண்டி: குடிப்பதே இல்லை, ஆனாலும் ஃபேட்டி லிவர் என்கிறார்கள்.

எடை, சர்க்கரை, கொழுப்பு இவற்றால் வருவது. எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் கல்லீரல் வீக்கம் இறங்கும், அதில் விழுந்த ஆரம்பத் தழும்பும் குறையலாம். 2024இல் ரெஸ்மெடிரோம் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி தந்தது, அது தழும்பு விழத் தொடங்கியவர்களுக்கு. உங்களுக்கு இப்போது நடைதான் மருந்து. சர்க்கரை போடாத காபி குடிக்கலாம், கல்லீரலுக்கு நல்லது என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன.

ராமேஸ்வரம்: ஏழு மாதக் கர்ப்பிணி, கண் மஞ்சளாக இருக்கிறது. வேர் கட்டிப் பார்க்கலாமா?

வேண்டாம். இன்றே அழைத்துப் போங்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஹெபடைடிஸ் ஈ தாயின் உயிரையே பறிக்கக்கூடும்.

வாலிநோக்கம்: மனைவிக்கு ஹெபடைடிஸ் பி. அடுத்த மாதம் பிரசவம். பிள்ளைக்கு வராமல் தடுக்க முடியுமா?

முடியும். பிரசவம் பார்க்கும் இடத்தில் இப்போதே சொல்லி வையுங்கள். பிறந்த 12 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசியும், இன்னொரு தொடையில் இம்யூனோகுளோபுலின் (தயாராக உள்ள எதிர்ப்புப் பொருள்) ஊசியும் போட வேண்டும். அந்த ஊசி எல்லா இடத்திலும் கையிருப்பில் இருக்காது, அதனால்தான் முன்கூட்டியே சொல்லச் சொல்கிறேன். டி.என்.ஏ. அளவு கூடுதலாக இருந்தால் உங்கள் மனைவிக்கும் மாத்திரை தொடங்குவார்கள், அந்தச் சோதனையை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். மீதித் தடுப்பூசிகள் அட்டவணைப்படி. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.