வால்சக்கர விமானம் ஓட்ட ஆசைப்படும் மகன்: சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்ட அம்மாவுக்கு

அம்மா, வாலின் அடியில் சிறு சக்கரமும் முன்னால் இரண்டு பெரிய சக்கரங்களும் உள்ள வால்சக்கர விமானத்தை மகன் ஓட்ட ஆசைப்படுகிறான், அதற்கு இபிஎஃப் எனும் ஓய்வுக்காலச் சேமிப்பை எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் மகன் கைக்கு வரட்டும். சம்பளத்துக்கு விமானம் ஓட்ட அது கட்டாயம். கண்ணாடி போடுவது பொதுவாகத் தடையில்லை. நிறக்குருடுதான் சிக்கல். கட்டணம் கட்டிய பிறகு இது தெரியவந்தால் தாங்க முடியாது.

ஆர்வலர்கள் தாங்களே வீட்டில் கட்டிய விமானத்தில் தொடங்க வேண்டாம். சிஏஏஎம் எனும் மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த பள்ளியில், மூக்கின் அடியில் சக்கரம் உள்ள மூக்குச்சக்கர விமானத்தில், சம்பளமின்றி ஓட்டுவதற்கான தனியார் உரிமம் எடுக்கட்டும். அனைத்துலக விதிப்படி குறைந்தது வயது 17, பறக்கும் நேரம் பொதுவாகக் குறைந்தது 40 மணி. பெரும்பாலோருக்கு இதைவிடக் கூடுதலாகவே ஆகும். வீட்டில் கட்டிய விமானத்தில் பறக்கும் மணிகள், சம்பளத்துக்கு ஓட்டத் தேவையான வணிக உரிமத்துக்குச் சேருமா என்று சிஏஏஎம்மிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

உரிமம் வந்தபின் வால்சக்கரம் கற்கலாம். இதில் எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது, சிரமமெல்லாம் அதனால்தான். மூக்குச்சக்கர விமானம் தரையில் கோணினால் தானே நேராகப் பார்க்கும். இதிலோ கோணல் கூடிக்கொண்டே போகும், ட்ரெய்லர் மாட்டிய வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது மடங்குகிற மாதிரி. திருத்தத் தாமதித்தால் விமானம் சுழன்றுவிடும். இறக்கை நுனி தரையில் உரசும், சக்கரக்கால் மடங்கும். கிரவுண்ட் லூப் என்பது இதுதான்.

ஆகவே கால்தான் பழக வேண்டும். விமானி இருக்கையிலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பெல்லர் என்றால், ஓடுபாதையில் வேகமெடுத்து வால் எழும் கணத்தில் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். மூக்கைத் திருப்பும் வால் சுக்கானான ரடரை, வலது காலால் சிறுசிறு மிதியாகக் கொடுக்க வேண்டும். தரையில் ஓட்டும்போது மூக்கு பார்வையை மறைக்கும், வளைந்து வளைந்து போய்ப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். இறங்க முதலில் மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொடும் முறையைப் பழகட்டும். தொட்டதும் கைப்பிடித் தண்டான ஸ்டிக்கை முழுக்கப் பின்னால் இழுத்து வைத்தால் வால் தரையில் அழுந்தும். 'இறங்கியாச்சு' என்று காலைத் தளர்த்தும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். விமானம் முழுதாய் நிற்கும்வரை கால் ஓயக்கூடாது.

ஏறுமுன் வால்சக்கர ஸ்பிரிங்குகளைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பிரேக்கும் சமமாகப் பிடிக்க வேண்டும், ஒன்று மட்டும் பிடித்தால் அந்தப் பக்கமே இழுக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் எரிபொருள் டாங்கியில் தண்ணீர் சேரும். அடியிலிருந்து கொஞ்சம் குப்பியில் பிடித்தால், தண்ணீர் இருந்தால் கீழே தனியாகத் தங்கும்.

பறப்பதைவிடக் கட்டுவதில்தான் மகனுக்கு மனம் என்றால், டெங்கிலில் உள்ள விமானத் தொழில்நுட்பக் கல்விக்கூடமான யூனிகேஎல் மியாட்டில் விமானப் பராமரிப்புப் படிப்பையும் விசாரியுங்கள். அதுவும் கௌரவமான தொழில்தான்.

அடுத்த முறை மகனையும் அழைத்து வாருங்கள். எஸ்பிஎம் எனும் ஐந்தாம் படிவத் தேர்வின் கணிதம், இயற்பியல், ஆங்கில முடிவுகளும் கையில் இருக்கட்டும்.