விஸ்கான்சின்ல யார் முன்னாடி? கருத்துக்கணிப்பு பத்தி நீங்க கேட்டதும் என் பதிலும்

அமெரிக்க அதிபர் தேர்தல் சர்வே பத்தி வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல விஸ்கான்சின் பத்தித்தான், அதனால இந்த தடவை அந்த ஒரு மாநிலத்தையே வச்சு பேசிடலாம்.

கேள்வி: சர்வேல ரெண்டு வேட்பாளருக்கும் 49-48 சதவீதம்னு வந்தா 49 எடுத்தவர் ஜெயிக்கறார்னு தானே அர்த்தம்?

இல்லைங்க. 2020ல பைடன் அங்க ஜெயிச்சது 20,682 ஓட்டுல, பதிவானது கிட்டத்தட்ட 33 லட்சம். இதை அப்படியே 800 பேர் சர்வேயா சுருக்கிப் பாருங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல வித்தியாசம் வெறும் 5 பேர்தான் வரும், அதுல 3 பேர் மாத்தி சொல்லியிருந்தா ட்ரம்ப் முன்னாடி வந்துடுவார். 800 பேர் சர்வேக்கு பிழை வரம்பு (நிஜ நம்பர் எவ்ளோ மேலயோ கீழயோ இருக்கலாம்ங்கற அளவு) சுமாரா கூட்டல் கழித்தல் 3.5 சதவீதம்னு போடுவாங்க, ஆனா அது ஒரு வேட்பாளரோட நம்பருக்கு மட்டும், ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற லீடுக்கு அது கிட்டத்தட்ட டபுள் ஆயிடும், இதைத்தான் டிவில யாரும் சொல்றதே இல்ல. ட்ரம்ப் அங்க ஜெயிச்சது 2016ல 22,748 ஓட்டுல, 2024ல சுமார் 29,000 ஓட்டுல, மூணு தடவையும் 1 சதவீதத்துக்குள்ளதான் முடிஞ்சது. அவ்ளோ சின்ன இடைவெளியை அளக்கற சக்தி எந்த சர்வேக்கும் கிடையாது, அதனால 49-48னு பாத்தா "இழுபறி"னு மட்டும் எடுத்துக்கோங்க.

கேள்வி: ஒரே வாரத்துல ஒரு சர்வே 17 பாயிண்ட் லீடுங்குது, இன்னொண்ணு 5ங்குது, எதை நம்பறது?

நீங்க சொல்றது 2020 அக்டோபர் கடைசில வந்தது. ஏபிசி - வாஷிங்டன் போஸ்ட் சர்வே பைடன் 57, ட்ரம்ப் 40னு சொல்லுச்சு, அதே சமயம் விஸ்கான்சினோட மில்வாக்கி சிட்டில இருக்கற மார்க்கெட் (Marquette) யூனிவர்சிட்டி லா ஸ்கூல் சர்வே 48-43னு சொல்லுச்சு, கடைசில ரிசல்ட் 0.6 பாயிண்ட்தான். அந்த மாநிலத்தை வருஷக்கணக்கா அளந்துட்டு இருக்கறவங்க நம்பருக்கு நான் கூடுதல் மதிப்பு குடுப்பேன். ஆனா அதே மார்க்கெட் சர்வேதான் 2016ல கடைசியா ஹிலாரிக்கு 6 பாயிண்ட் லீடு காட்டுச்சு, ட்ரம்ப் ஜெயிச்சார், அதனால பேரைப் பாத்து கண்ண மூடிக்கிட்டும் நம்பக்கூடாது.

கேள்வி: அப்ப எல்லாத்தையும் சேத்து சராசரி பாத்தா சரியா இருக்குமா?

ஓரளவுக்கு. ஒரு சர்வே மேல போயி இன்னொண்ணு கீழ போனா சராசரி சரி பண்ணிடும், எல்லாமே ஒரே பக்கம் சாஞ்சா சராசரியும் சேந்து சாயும். 2016, 2020 ரெண்டுலயும் அதுதான் நடந்துச்சு. 2016ல காரணம் ஓரளவு தெளிவா தெரிஞ்சது, காலேஜ் படிச்சவங்க சர்வேக்கு ஜாஸ்தி பதில் சொல்றாங்க, படிக்காதவங்க கம்மியா சொல்றாங்க, நிறைய மாநில சர்வேக்கள் அதை படிப்பு வாரியா வெயிட் போட்டு (அதாவது கம்மியா பதில் சொன்ன பிரிவோட பதிலுக்கு கூடுதல் மதிப்பு குடுத்து) சரி பண்ணல. அதோட கடைசி வாரத்துல முடிவு பண்ணவங்க விஸ்கான்சின்ல நிறைய பேர் ட்ரம்ப் பக்கம் போனாங்க. 2020ல படிப்புக்கு வெயிட் போட்டும் தப்பு வந்துச்சு, ட்ரம்ப் ஆதரவாளர்கள்ல ஒரு பகுதி சர்வேக்கே பதில் சொல்றதில்லைங்கறதுதான் பலரும் சொல்ற காரணம், பதிலே சொல்லாதவங்களை எந்த வெயிட்டை வச்சும் முழுசா பிடிக்க முடியாது. இதனாலதான் 2024ல நிறைய கம்பெனிகள் "போன தடவை யாருக்கு போட்டீங்க"னு கேட்டு அதை வச்சும் வெயிட் போட்டாங்க. அந்த வருஷம் மார்க்கெட் யூனிவர்சிட்டி சர்வேயோட கடைசி நம்பர் ஹாரிஸ் 50, ட்ரம்ப் 49, ட்ரம்ப் சுமார் 0.9ல ஜெயிச்சார். ஜெயிச்சவர் பேர் தப்பு, ஆனா நிஜ ரிசல்ட்டோட வித்தியாசம் ரெண்டு பாயிண்ட்டுக்குள்ளதான், என்னைப் பொறுத்தவரை இது பழைய ரெண்டு தடவைய விட ரொம்ப நல்ல சர்வே.

கேள்வி: 18-29 வயசுக்காரங்க அப்படியே மாறிட்டாங்கனு ஒரு சர்வேல போட்டிருக்காங்களே?

800 பேர்ல அந்த வயசுக்காரங்க 100 பேர் இருந்தா பெருசு, 100 பேருக்கு பிழை வரம்பு கிட்டத்தட்ட 10 சதவீதம். அந்த கட்டத்தை படிக்கவே படிக்காதீங்க.

கேள்வி: 2024ல பக்கத்து மாநிலமான அயோவால ஆன் செல்சர்ங்கறவங்க எடுத்த சர்வே ஹாரிஸ் முன்னாடினு சொன்னதும் விஸ்கான்சினும் அவருக்குதான்னு நெனச்சேன், என்ன ஆச்சு?

ஹாரிஸ் 47, ட்ரம்ப் 44னு வந்துச்சு, ட்ரம்ப் 13 பாயிண்ட்ல ஜெயிச்சார். ஆன் செல்சர் பல தேர்தல்ல துல்லியமா சொன்னவர், மத்தவங்களோட ஒத்துப்போகலைங்கறதுக்காக தன் நம்பரை ஒளிச்சு வைக்காம வெளியிட்டார், அதுக்கு நான் மரியாதை குடுக்கறேன். எல்லாரும் அடுத்தவன் நம்பரைப் பாத்து தன்னுதை திருத்த ஆரம்பிச்சா நமக்கு சராசரிக்குன்னு ஒண்ணுமே மிஞ்சாது. ஆனா ஒரே ஒரு சர்வேய வச்சு பக்கத்து மாநிலத்தையும் முடிவு பண்றது நம்ம தப்புதான்.

கேள்வி: ஓட்டு எண்றப்ப ராத்திரி லீட் மாறினா சர்வே தப்புனு அர்த்தமா?

சம்பந்தமே இல்ல. விஸ்கான்சின் சட்டப்படி தபால் ஓட்டு கவரை தேர்தல் நாளுக்கு முன்னாடி பிரிக்கவே கூடாது, மில்வாக்கி சிட்டில அதையெல்லாம் ஒரே இடத்துல வச்சு எண்றாங்க, அதனால 2020ல ஒன்றரை லட்சத்துக்கும் மேல ஓட்டு, பெரும்பாலும் பைடனுக்குப் போட்டது, விடியக்காலைல மொத்தமா வந்து விழுந்துச்சு, அது வரைக்கும் ட்ரம்ப் முன்னாடி இருந்தார். அடுத்த தடவை பாக்கறப்ப மில்வாக்கியோட தபால் ஓட்டு வந்துடுச்சா, டெமாக்ரட் கட்சி பலமா இருக்கற டேன் கவுண்டில (மேடிசன் சிட்டி இருக்கற மாவட்டம்) எவ்ளோ எண்ணிருக்காங்க, ட்ரம்ப்போட ரிபப்ளிகன் கட்சி பலமா இருக்கற வாகஷா பக்கத்துல அவங்க லீட் எவ்ளோ, இந்த மூணையும் பாத்துட்டு அப்புறம் மாநில மொத்தத்தைப் பாருங்க.