கடினத்தையும் உறுதியையும் சொல்லும் ஆங்கில மரபுத்தொடர்களை எப்படிப் பழகுவது?

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். 11 ஆண்டுகளாக மாலை வகுப்பில் தமிழ்வழி மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். தொடருக்கு எதிரே தமிழ் அர்த்தம் எழுதி உருப்போட்டவர்கள் தேர்வு முடிந்த கையோடு மறந்துவிடுகிறார்கள். தொடருக்குள் இருக்கும் காட்சியைக் கண்டுகொண்டவர்கள் மறப்பதில்லை.

'பைட் தி புல்லட்' (குண்டைக் கடி) என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து இல்லாத காலத்தில் அறுவை சிகிச்சையின்போது வீரனின் வாயில் ஈயக் குண்டைக் கொடுத்தார்கள் என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச்சொல் அகராதியில் வேறொரு காட்சி இருக்கிறது. சவுக்கடி வாங்கும்போது கத்திவிடுகிற சிப்பாயை, பாடும் பறவையின் பெயரால் 'நைட்டிங்கேல்' என்று அழைத்தார்களாம். அந்தப் பெயர் வரக்கூடாது என்று சில படைப்பிரிவு வீரர்கள் துப்பாக்கிக் குண்டை வாயில் வைத்து மென்றார்கள். முதுகில் தோல் உரிகிறது, வாயிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தமிழில் நாம் பல்லைக் கடித்துக்கொள்கிறோம். இரண்டும் ஒன்றுதான் என்று பலர் எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வருடம் அந்த வேலையில் இருந்தேன்' என்று நாம் சொல்வோம். அது நீண்ட பொறுமை. ஆங்கிலத் தொடர் பெரும்பாலும் ஒரு முடிவைக் குறிக்கிறது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கசப்பான காரியத்தை, இனித் தப்ப முடியாது என்று ஒருநாள் செய்துவிடுவது. பூர்வீக நிலத்தை விற்றுக் கடனை அடைக்கிறாரே ஒருவர், அவருக்கு அது பொருந்தும். இரண்டு வருடப் பொறுமைக்குச் சொன்னால் ஒட்டாது.

'ஹார்ட் ரோ டு ஹோ' (களைக்கொட்டால் கொத்த வேண்டிய கடினமான பயிர்வரிசை; அதாவது, கடினமான வேலை) என்பது அமெரிக்க வயல்வெளியில் பிறந்தது. அமெரிக்க எல்லைப்புற வீரரும் அரசியல்வாதியுமான டேவி கிராக்கெட் பெயரில் 1835இல் வெளிவந்த பயண நூலிலேயே இருக்கிறது. நான் கரும்பலகையில் கோடு கோடாகச் செடிகளை வரைந்து விளக்கிக்கொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். அவளுடைய அம்மா களையெடுக்கப் போகிறவர். "கோரை மண்டின வரிசை நம் பங்குக்கு வந்துவிட்டால், மற்றவர்கள் எல்லாம் கரையேறின பிறகும் நாம் குனிந்தே இருக்க வேண்டும். அதுதானே சார்?" என்றாள். அப்படியே அதைப் பலகையில் எழுதிப் போட்டேன். ஆங்கிலம் தாய்மொழியானவர்களே சில சமயம் 'ரோ' என்பதை 'ரோட்' என்று தவறாக எழுதுகிறார்கள். சாலையில் யார் களைக்கொட்டைப் பிடிப்பார்கள்? அந்தப் பெண் ஒருநாளும் அந்தத் தவறைச் செய்ய மாட்டாள்.

'பிட்வீன் எ ராக் அண்ட் எ ஹார்ட் பிளேஸ்' (பாறைக்கும் கடினமான இடத்துக்கும் நடுவே) என்பதற்கு 'இருதலைக் கொள்ளி எறும்பு' என்று எழுதுவது வழக்கம், பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனாலும் இரண்டுக்கும் சூடு வேறு. ஆங்கிலத் தொடரை 1921இல் பதிவு செய்தபோது, அரிசோனா பக்கத்தில் அதற்கு 'கையில் காசில்லாமல் நொடித்துப்போவது' என்றே பொருள் கொடுத்தார்கள். இப்போது எந்தப் பக்கம் போனாலும் இடிக்கும் என்ற நிலையைச் சொல்கிறது. அது பாறை, அசையாது, அப்படியே நிற்கும். நம்முடைய எறும்புக்கோ இரு முனையிலிருந்தும் நெருப்பு நெருங்கிக்கொண்டே வருகிறது. மாணிக்கவாசகர் இறைவனைப் பிரிந்த தவிப்புக்கு அந்த எறும்பைத்தான் சொன்னார். நேரம் குறைந்துகொண்டே வருகிற நெருக்கடி என்றால் தமிழ்த் தொடர் வலுவானது. மொழிபெயர்க்கும்போது இதைக் கவனியுங்கள்.

'வென் தி கோயிங் கெட்ஸ் டஃப், தி டஃப் கெட் கோயிங்' என்பதில் ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. முதல் 'டஃப்' வழியின் கடுமை, இரண்டாவது மனிதரின் உறுதி. 'கெட் கோயிங்' என்பதைச் சிலர் விலகிப் போவதாக எடுத்துக்கொண்டு பொருளையே தலைகீழாக்கிவிடுகிறார்கள். வழி கடுமையாகும்போது உறுதியானவர்கள் முனைந்து இறங்குவார்கள் என்பதே பொருள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'அட் தி எண்ட் ஆஃப் ஒன்ஸ் டெதர்'. டெதர் என்பது மேயும் மாட்டையோ ஆட்டையோ முளையில் கட்டும் கயிறு. எங்கள் வீட்டு வெள்ளாட்டைக் காலையில் தரிசில் கட்டிவிட்டுப் பள்ளிக்குப் போவேன். மாலையில் வந்து பார்த்தால் முளையைச் சுற்றி வட்டமாக மண் மொட்டையாகக் கிடக்கும். ஆடு கயிறு விறைக்க, கழுத்தை நீட்டிக்கொண்டு, ஒரு சாண் தள்ளி இருக்கும் பச்சைப்புல்லுக்கு நாக்கைத் துழாவிக்கொண்டு நிற்கும். பொறுமையும் வழியும் தீர்ந்துபோன மனிதரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால், அந்தக் கழுத்தை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.