பரண்ல கெடச்ச கமோடோர் 64, அப்படியே ஆன் பண்ணலாமா?

ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "பழைய கமோடோர் 64 கம்ப்யூட்டர் ஒண்ணு பரண்ல கெடச்சுது, ஒரிஜினல் அடாப்டரோட இருக்கு, இருபது வருஷமா யாரும் தொடல, டிவில மாட்டி ஆன் பண்ணி பாக்கலாமா? பாடி மஞ்சளாயிருக்கு, அதுக்கு என்ன பண்றது?"

தயவுசெஞ்சு அந்த அடாப்டர பிளக்ல சொருகிடாதீங்க. மெஷின் 1982ல வந்த மாடல், சிப்பெல்லாம் இன்னும் நல்லா இருக்க வாய்ப்பு நெறய, அத சாகடிக்கிறதே செங்கல் மாதிரி கனக்குற அந்த அடாப்டர்தான். அதுல 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசின்னு ரெண்டு வரும், 5 வோல்ட்ட கட்டுப்படுத்துற ரெகுலேட்டர பிசின் ஊத்தி மூடிருப்பாங்க, சூடு வெளிய போக வழியே இல்ல, வருஷக்கணக்கா வெந்துட்டு கடைசில போகும்போது வோல்டேஜ் எறங்காது, ஏறும். அந்த லைன் நேரா மெமரி சிப்புக்குத்தான் போகுது, 5.25 தாண்டுனாலே ஆபத்து. மல்டிமீட்டர்ல 5.1 காட்டுதேன்னு நம்பாதீங்க, மெஷின் மாட்டாம, லோடு இல்லாம சில்லுன்னு இருக்கும்போது ஒழுங்காத்தான் காட்டும், சூடானதும்தான் கத வேற. இதுக்குன்னே புதுசா செய்யுற பவர் சப்ளை விக்கிறாங்க, செலவ பாக்காம அத வாங்குங்க, பழசு கலெக்‌ஷனுக்கு பெட்டிலயே இருக்கட்டும்.

புது சப்ளைல ஆன் பண்ணா நீல ஸ்கிரீன்ல வெளிர்நீல எழுத்துல 38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீன்னு வரணும். நம்பர் கொறஞ்சிருந்தா மெமரிய சந்தேகப்படுங்க. ஸ்கிரீன் கருப்பாவே நின்னா ரெண்டு நிமிஷத்துல ஆஃப் பண்ணிட்டு, மூடிய தெறந்து மெமரி சிப் ஒவ்வொண்ணையும் வெரலால லேசா தொட்டு பாருங்க, வரிசைல ஒண்ணு மட்டும் சுட்டுதுன்னா பெரும்பாலும் அதான் போயிருக்கும். ஆன்ல இருக்கும்போது கார்ட்ரிட்ஜ் சொருகுறது, ஜாய்ஸ்டிக் சொருகுற எடத்துல இருக்குற பின் கம்பிய தொடுறது ரெண்டும் கூடவே கூடாது, ஸ்டேட்டிக்லயே சிப் போயிரும்.

மஞ்சளுக்கு, உள்ள இருக்குற சர்க்யூட் போர்ட வெளிய எடுத்துட்டு வெறும் பாடிய மட்டும் லேசான சோப்புத்தண்ணில கழுவுங்க. ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயில்ல வெச்சு வெளுப்பாங்க, ஆனா நாள்பட திரும்ப மஞ்சளாகும், திட்டுத்திட்டா வெளுத்துட்டா பாக்கவே சகிக்காது, நான் அந்த மஞ்சள அப்படியே விட்டுருவேன்.

அடுத்து அமிகா 500 பிளஸ் மாதிரி வேற பழைய கம்ப்யூட்டர் ஏதாவது கெடச்சா மட்டும் செய்யுற வரிசை மாறும், அதுல போர்டுல ஒட்டிருக்குற பேட்டரி கசிஞ்சு போர்டோட செம்புத் தடத்தையே அரிச்சிரும், அன்னிக்கே தெறந்து அத வெட்டி எடுத்துடுங்க.